கைக்கெட்டும் தொலைவில் ஒரு மான்

கரிசல் பூமியில் ஐப்பசி மழை இறங்கி, மக்காச்சோளமும் உளுந்தும் பச்சை கட்டி நிற்கும் நாள்களில் இரவு என்பது உறங்குவதற்கு உரிய பொழுதன்று. காவலுக்கு உரிய பொழுது. புரட்டாசியிலேயே மழையை நம்பி மண்ணுக்குள் விதையைப் போட்டுவிட்டு வானத்தைப் பார்த்திருக்கும் மானாவாரி விவசாயிக்கு ஆண்டில் ஒரே ஒரு வெள்ளாமைதான். அதைப் பன்றி உழுதாலும் மான் மேய்ந்தாலும் அவ்வாண்டின் கணக்கு அத்துடன் முடிந்துவிடும். கோவில்பட்டியைச் சுற்றியுள்ள சிற்றூர்களில் வாழும் நம் மக்களுக்கு இதனை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

சென்ற ஆண்டு ஒருநாள் மஃக்ரிபுத் தொழுகைக்குப் பின் என் பழைய மாணவர் ஒருவர் என்னைத் தேடி வந்தார். மதரஸாவில் என்னிடம் ஓதியவர். இப்போது ஏழு ஏக்கர் கரிசலில் பாடுபடுகிறவர். கையில் ஒரு பழைய உரிமப் புத்தகம் வைத்திருந்தார். அவருடைய அத்தா மவுத்தாகிச் சில மாதங்கள் ஆகியிருந்தன. அத்தா வைத்திருந்த பயிர்க்காவல் துப்பாக்கி முறைப்படி காவல் நிலையத்தில் ஒப்படைக்கப்பட்டிருந்தது.

“ஹஸ்ரத், மூன்று கேள்விகள் கேட்க வந்தேன்” என்றார். “அத்தாவின் துப்பாக்கி குழல் தேய்ந்து, துரு ஏறிவிட்டது. உரிமத்தை என் பெயருக்கு மாற்றி, என் காலத்திற்கும் என் மகன் காலத்திற்கும் உழைக்கிற மாதிரி நல்லதாக ஒன்று வாங்கலாமா? எதைத் தேர்ந்தெடுப்பது? பன்றியோடு மானும் வருகிறது. மான் விழுந்தால் குற்றமா? விழுந்த மானை உண்ணலாமா? உங்கள் வீட்டிலும் முன்பு துப்பாக்கி இருந்தது என்று அத்தா சொல்வார்கள். அதனால்தான் உங்களிடம் வந்தேன்.”

முதல் கேள்வி கொல்லரிடமும், இரண்டாவது வழக்கறிஞரிடமும், மூன்றாவது ஆலிமிடமும் கேட்க வேண்டியவை என்று தோன்றலாம். எனக்கோ மூன்றும் ஒரே கேள்வியாகவே பட்டன. அன்றிரவு அவருக்குச் சொன்னவற்றையும், பின்னர் எண்ணிப் பார்த்தவற்றையும் வாசகர்களின் முன் வைக்கிறேன்.

குழலின் வாய் வழியே மருந்தைக் கொட்டி, துணியோ நாரோ வைத்து, ஈயக் குண்டை இட்டுக் கோலால் இடித்து இறுக்கிச் சுடுவது அந்தத் துப்பாக்கி. அதில் இடும் கரிமருந்து நம் வட்டாரத்திற்குப் புதியதன்று. வெடியுப்பு முக்கால் பங்கும், மீதியில் கரி சற்றுக் கூடவும் கந்தகம் சற்றுக் குறையவும் சேர்ந்த கலவை அது. சாத்தூரும் சிவகாசியும் அண்டையில் இருக்க, கந்தக வாடை அறியாத மூக்கு இங்கே எது? 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் உண்மையான பயிர்க்காவலுக்கு இவ்வகைத் துப்பாக்கியையே பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது.

நீண்ட நாள் உழைக்க வேண்டுமாயின் பார்க்க வேண்டியவை சில உண்டு. குழல் தடித்ததாக, சோதித்து முத்திரையிடப்பட்டதாக இருக்க வேண்டும். சுத்தியல் பாதி இழுத்த நிலையில் வழுவாமல் நிற்க வேண்டும். கட்டை முற்றிய மரத்தில் கடைந்திருக்க வேண்டும். இவை எல்லாவற்றையும் விட முக்கியமானது சுட்ட பிறகு செய்யும் வேலை. கரிமருந்தின் கசடு காற்றின் ஈரத்தை இழுத்து இரும்பை அரித்துவிடும். எனவே ஒரே ஒரு குண்டு சுட்டிருந்தாலும் அன்றைக்கே வெந்நீரால் குழலைக் கழுவித் துடைத்து எண்ணெய் இட வேண்டும். நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டவனின் துப்பாக்கி அவன் மகன் கைக்குப் போய்ச் சேராது. தவ்பாவைப் பற்றி நான் பாடம் நடத்தும்போது இந்த உவமையைப் பலமுறை சொல்லியிருக்கிறேன்.

இனி, அதன் குறையைச் சொல்ல வேண்டும். குழலின் உட்புறம் சுருள் சுருளாகப் பள்ளம் வெட்டியிருந்தால் குண்டு சுழன்று நேராகப் போகும். நம் வட்டாரத்துத் துப்பாக்கியின் குழல் வழவழப்பானது. அதில் இடும் உருண்டைக் குண்டு ஐம்பது, அறுபது கஜத்திற்கு மேல் எங்கே படும் என்று உறுதி கூற இயலாது. பட்ட இடம் பிசகினால் மறுபடி மருந்திட்டு இடிக்க அரை நிமிடமாவது ஆகும். அதற்குள் காயம்பட்ட விலங்கு இருளில் மறைந்துவிடும்.

இந்த இடத்தில் என் வீட்டுக் கதையைச் சொல்லியாக வேண்டும். 1950களில் என் நன்னா ஒரு கம்பங்காட்டில் காவல் இருந்தார். பின்னிரவில் மேய வந்த மான் ஒன்றைச் சுட்டார். குண்டு பட்டது, மான் விழவில்லை. கையில் கத்தியுடன் இரத்தத் துளிகளைத் தொடர்ந்து போனார். உயிர் இருக்கும்போதே எட்டிப் பிடித்து, பிஸ்மி சொல்லி அறுத்துவிட வேண்டும் என்பது அவருடைய தவிப்பு. மூன்று ஓடைகளைத் தாண்டி, ஸுப்ஹு நேரத்தில் ஓர் உடைமரத்தடியில் அதைக் கண்டார். உடல் குளிர்ந்திருந்தது. பெட்டை மான், மடியில் பால் கட்டியிருந்தது. வெறுங்கையோடு வீடு திரும்பி நடந்ததைச் சொன்னார். நன்னிமா ஒன்றுதான் கேட்டார்கள்: “தின்னவும் ஆகாது, எழுப்பவும் ஆகாது, எதுக்குச் சுட்டீக?” நன்னா மறுமொழி சொல்லவில்லை. அந்த வாரமே துப்பாக்கியை ஒப்படைத்துவிட்டார். வாழ்நாள் முழுதும் அந்தக் கேள்விக்கு அவர் விடை சொன்னதாக என் அத்தா கேட்டதில்லை.

தின்னவும் ஆகாது என்று நன்னிமா ஏன் சொன்னார்கள்? ஃபிக்ஹு நூல்களில் இது விரிவான பாடம். அதீ பின் ஹாத்திம் (ரலி) அவர்கள் வேட்டைக் கோலைப் பற்றிப் பெருமானார் (ஸல்) அவர்களிடம் கேட்டார்கள். கூர் முனை துளைத்துக் கொன்றதை உண்ணலாம். கோலின் அகலம் தாக்கிக் கொன்றது அடிபட்டுச் செத்ததாகும், அதை உண்ணலாகாது என்பது கிடைத்த விடையின் கருத்து. அடிபட்டுச் செத்ததை விலக்கப்பட்டவற்றுள் ஒன்றாகத் திருமறையின் மாயிதா அத்தியாயம் எண்ணுகிறது. அரபு மொழியில் ‘புந்துக்’ என்பது முதலில் ஒரு கொட்டையின் பெயர். பின்னர் அந்த அளவினதான களிமண் உருண்டையைக் குறித்தது. அதன் பின்னரே துப்பாக்கியைக் குறிக்கலாயிற்று. களிமண் உருண்டையால் அடித்துக் கொன்ற பறவை ஆகாது என்பது பழைய இமாம்களில் பெரும்பாலோரின் முடிவு.

ஈயக் குண்டு வந்தபோது விவாதம் புதிதாக எழுந்தது. 1836இல் மறைந்த டமாஸ்கஸ் நகரத்து ஹனஃபி மேதை இப்னு ஆபிதீன் அவர்கள், ஈயத்திற்குக் கூர்மை இல்லை, அது சூட்டாலும் கனத்தாலும் வேகத்தாலும் கொல்கிறது, ஆகவே அறுக்குமுன் செத்தது ஹலால் ஆகாது என்றார்கள். ஏறக்குறைய அதே காலத்தவரான யமன் நாட்டு ஷௌகானி அவர்கள், குண்டு உடலைத் துளைத்துச் செல்கிறது, எனவே ஆகும் என்றார்கள். மாலிக்கி மத்ஹபின் பிற்கால அறிஞர் சிலரும் அவ்வழியினரே. உயிர் இருக்கையில் எட்டி முறைப்படி அறுத்துவிட்டால் ஆகும் என்பதில் எவருக்கும் கருத்து வேற்றுமை இல்லை. ஹனஃபிகளாகிய எங்கள் வீட்டில் முதல் கருத்தே நடப்பில் இருந்தது. நம் ஊர்த் துப்பாக்கியின் குண்டோ முனையற்ற உருண்டை.

இந்த விவாதத்தை மயிர் பிளக்கும் வேலை என்று சிலர் எண்ணக்கூடும். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்த அறிஞர்கள் கேட்டது ஒன்றுதான்: அந்த உயிர் எப்படிப் போயிற்று? துன்பத்தின் அளவைக் கணக்கில் எடுத்துக்கொண்ட பிறகே உணவைத் தட்டில் வைத்தார்கள். ஓர் உயிருள்ள பிராணியைக் கட்டி வைத்து இலக்காக்கி எய்வதைப் பெருமானார் (ஸல்) அவர்கள் தடுத்ததும், காரணமின்றிக் கொல்லப்பட்ட சிட்டுக்குருவி மறுமையில் முறையிடும் என்று எச்சரித்ததும் அதே வழியில் வந்தவை.

அப்படியானால் வேட்டையே கூடாதா என்று என் மாணவர் கேட்டார். இல்லை. வேட்டை ஆகுமாக்கப்பட்டது, திருமறையிலேயே அதற்கு இடம் உண்டு. அமெரிக்காவின் பல மாநிலங்களில் இந்தப் பழைய வகைத் துப்பாக்கிக்கென்றே மான் வேட்டைப் பருவம் தனியாக வைத்திருக்கிறார்கள். பலமுறை சுடும் துப்பாக்கிகள் கடையில் கிடைக்கும்போதும், ஒற்றைக் குண்டு ஒன்றையே நம்பிப் போகிறவர்கள் அங்கே உண்டு. ஒரே வாய்ப்புத்தான் என்பதால் பொறுமையாக நெருங்குவார்கள். உறுதி இல்லாவிட்டால் சுட மாட்டார்கள். நல்ல ஒழுக்கந்தான். ஆனால் ஓநாய்கள் அற்றுப்போய் மான்கள் பெருகிவிட்ட நிலப்பகுதிகள் அங்கே பல. எத்தனை மானைச் சுடலாம் என்று அரசு எண்ணிச் சீட்டுக் கொடுக்கிறது. சட்டம் அதன் காரணத்தோடு சுழலும் என்பது உஸூல் கலையின் பாலபாடம். காரணம் வேறானால் தீர்ப்பும் வேறாகும். அங்கே ஒழுக்கமாக இருப்பது இங்கே குற்றமாகலாம்.

இங்கே நிலை என்ன? ஒருகாலத்தில் இந்த வெட்டவெளியில் கூட்டம் கூட்டமாய்த் திரிந்த வெளிமான், திருகிய கொம்புடைய இரலை, இன்று நம் மாவட்டத்தில் பெரும்பாலும் வல்லநாட்டுக் குன்றுகளை அண்டியே வாழ்கிறது. 1987இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட அவ்விடத்தின் பரப்பு 16 சதுர கிலோமீட்டருக்குச் சற்று மேல். இந்தியாவில் வெளிமான் இயற்கையாக வாழும் தென்கோடி இடம் அதுவே. அதற்குத் தெற்கே போக அதற்கு வேறு ஊர் இல்லை. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அதை முதல் அட்டவணையில் வைத்திருக்கிறது. கொன்றவருக்குக் குறைந்தது 3 ஆண்டுச் சிறை. புள்ளிமானைச் சுடுவதும் தண்டனைக்குரியதே. பயிர்க்காவல் உரிமம் என்பது மானைச் சுடும் உரிமம் அன்று.

மதீனாவின் எல்லைக்குள் வேட்டையாடலாகாது என்று பெருமானார் (ஸல்) அவர்கள் வரையறுத்ததை நாம் அறிவோம். ஓர் இடத்தை உயிர்களுக்குப் புகலிடமாக்கும் எண்ணம் நமக்கு அந்நியமானதன்று. ஹுதைபிய்யாவில் சஹாபாக்கள் இஹ்ராம் உடையில் இருந்தபோது வேட்டைப் பிராணிகள் கூடாரங்களை நெருங்கி வந்தன என்று விரிவுரையாளர்கள் கூறுவர். கைக்கும் ஈட்டிக்கும் எட்டுகிற அண்மையில் வேட்டையை வைத்து உங்களைச் சோதிப்பான் என்று இறைவன் அறிவித்த தருணம் அது. எட்டாத மானை விட்டுவிடுவது யாருக்கும் எளிது. எட்டுகிற மானை, யாரும் காணாத இரவில், கையில் ஆயுதம் இருக்கும்போது விட்டுவிடுவதே சோதனை.

மாணவர் இதற்கெல்லாம் தலையசைத்தார். பிறகு ஒன்று கேட்டார். அந்தக் கேள்வி என்னை இன்றும் விடவில்லை. “ஹஸ்ரத், மானைக் காப்பாற்றிய நன்மை எல்லாருக்கும். நட்டம் மட்டும் எனக்கா? பள்ளிக்கூடக் கட்டணம் கட்ட மான் வருமா?”

இதற்கு மறுமொழி சொல்லாமல் மானுக்காகப் பரிந்து பேசுவது நேர்மையன்று. கோவில்பட்டியிலிருந்து சிறிது தொலைவிலுள்ள எட்டயபுரத்தில்தான் உமறுப் புலவர் அடங்கியிருக்கிறார். அவர் பாடிய சீறாப்புராணத்தில், மானுக்குப் பிணை நின்ற படலம் நம் பெண்மக்கள் வீடுகளில் ஓதக் கேட்டு வளர்ந்த பகுதி. வேடன் ஒருவனிடம் பிடிபட்ட பெண்மான், தன் கன்றுக்குப் பாலூட்டிவிட்டுத் திரும்புவதாக முறையிடுகிறது. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அதற்குப் பிணை நிற்கிறார்கள். மான் சொன்ன சொல் தவறாமல் திரும்பி வருகிறது. வேடன் மனம் மாறுகிறான். இச்செய்தியின் அறிவிப்பாளர் தொடரைப் பற்றி ஹதீஸ் கலை அறிஞர்களிடையே பேச்சு உண்டு; எனவே அதை நான் சட்டத்திற்குச் சான்றாக்கவில்லை. ஆனால் அதிலுள்ள ‘பிணை’ என்ற சொல்லை நாம் மேலோட்டமாக விட்டுவிடுகிறோம்.

பிணை என்பது இரக்கம் மட்டுமன்று. அரபியில் ‘கஃபாலத்’ எனப்படும் அது ஒரு பொறுப்பு. கடன்பட்டவன் கொடுக்காவிட்டால் பிணை நின்றவன் கொடுக்க வேண்டும். மான் திரும்பாதிருந்தால் வேடனுக்கு ஈடு செய்யும் கடமை பிணை நின்றவருக்கு உண்டு. வேடனும் பசித்தவன்தானே? அவனுடைய பங்கை மறுத்து அந்தக் கதை மானுக்கு இரங்கவில்லை.

1972இல் இந்த நாடு மானுக்குப் பிணை நின்றது. நல்ல செயல். ஆனால் பிணை நின்றவர் கடனுக்குப் பொறுப்பாளி. தாவூது (அலை), சுலைமான் (அலை) இருவரிடமும் வந்த வழக்கைத் திருமறை குறிப்பிடுகிறது. ஒரு கூட்டத்தாரின் ஆடுகள் இரவில் மற்றவர் விளைநிலத்தில் புகுந்து மேய்ந்துவிட்டன. ஆடுகளையே நிலத்துக்காரருக்குக் கொடுத்துவிட வேண்டும் என்பது தந்தையின் தீர்ப்பு. நிலம் பழைய நிலைக்கு வரும்வரை ஆட்டின் பாலும் உரோமமும் நிலத்துக்காரருக்கு, நிலத்தைச் சீர்செய்யும் உழைப்பு ஆட்டுக்காரருக்கு, அதன்பின் அவரவர் உடைமை அவரவருக்கு என்பது மைந்தரின் தீர்ப்பு. விரிவுரையாளர்கள் இப்படி விளக்குவர். ஆட்டைக் கொல்லச் சொன்னவர் இருவருள் ஒருவருமில்லை. நிலத்துக்காரரின் நட்டத்தை மறந்தவரும் ஒருவருமில்லை. கேட்கப்பட்டது ஒன்றே: மேய்ந்த ஆட்டுக்கு உடையவர் யார்? அவர் ஈடு செய்யட்டும்.

மானுக்கு உடையவர் யார்? அதைக் காக்கச் சட்டம் இயற்றிய நாம் அனைவரும். நகரத்தில் அமர்ந்து, மான் வாழ்க என்று மகிழ்கிற ஒவ்வொருவரும் அந்த ஏழு ஏக்கர்க்காரருக்குக் கடன்பட்டவர்கள். பயிர்ச்சேதத்திற்கு இழப்பீடு உண்டு என்பது ஏட்டில் இருந்தால் போதாது. அது விதைப்புக் காலத்திற்குள் கைக்கு வந்து சேர வேண்டும். காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வரும் காட்டுப்பன்றிகளை வனத்துறையினரே சுடும் ஏற்பாட்டைத் தமிழக அரசு 2025 தொடக்கத்தில் அறிவித்தது. விவசாயியின் சுமையில் ஒரு பகுதியைப் பிணைக்காரர் ஏற்கும் வழி அது. ஏற்காமல் விட்ட இடங்களில்தான் அவுட்டுக்காயும் திருட்டு மின்வேலியும் புகுகின்றன. அவை பன்றி, மான், மாடு, மனிதன் என்று பார்ப்பதில்லை.

என்றாலும், பிணைக்காரர் தவறினால் வழக்கு அவர்மேல்தானே தவிர, மான்மேல் அன்று. என் கடன்காரர் கொடுக்கவில்லை என்பதற்காக வழியில் கண்டவரைப் பிடித்து நான் அடிக்க முடியாது.

கரிசல் மக்களுக்குத் துப்பாக்கியின்மேல் உள்ள பற்றையும் நான் அறியாதவனல்லன். 1799 அக்டோபர் 16இல் கயத்தாற்றில் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டதையும், 1801 டிசம்பரில் கும்பெனியார் பிரகடனம் வெளியிட்டு இம்மக்களின் ஆயுதங்களைப் பறித்ததையும் இந்த மண் மறக்கவில்லை. ஆயுதம் பறிக்கப்பட்டவர்களின் பேரர்களுக்கு ஓர் உரிமப் புத்தகம் வெறும் தாளன்று, அது மானம். என் மாணவர் அத்தாவின் புத்தகத்தை நெஞ்சோடு அணைத்து வந்ததன் பொருள் எனக்குப் புரிந்தது. ஆனால் தந்தையிடமிருந்து மகன் பெறத் தக்கது தந்தையின் துப்பாக்கி மட்டுமா? அவர் சுடாமல் விட்ட இரவுகளும் அல்லவா?

அதனால்தான் நெடுங்காலத்திற்கு ஒரு துப்பாக்கியைத் தேர்ந்தெடுப்பது கொல்லர் வேலையாக மட்டும் எனக்குத் தோன்றவில்லை. முப்பது ஆண்டு உழைக்கும் கருவி முப்பது ஆண்டும் தன்னை எடுத்தவன் கையைப் பழக்கும். இரும்பு தேர்ந்தெடுக்கும்போது, அந்தக் கை எதற்குப் பழக வேண்டும் என்பதையும் சேர்த்தே தேர்ந்தெடுக்கிறோம். மாணவரிடம் இதைச் சொல்லி, “உரிமத்தை வேண்டுமானால் மாற்றிக்கொள்ளுங்கள். மானை எண்ணி வாங்காதீர்கள்” என்றேன். அவர் வாங்கவில்லை. சேதத்திற்கு மனுக் கொடுத்தார். ஆறு மாதம் கடந்தும் மறுமொழி வரவில்லை. “பிணைக்காரர் எங்கே ஹஸ்ரத்?” என்று ஒருநாள் கேட்டார். அதில் கோபம் இருந்தது. அது நியாயமான கோபம்.

ஒரு ஜும்ஆவுக்குப் பின் அந்த ஊர் ஜமாஅத்தார் கூடிப் பேசினார்கள். அக்கம்பக்கத்து நிலக்காரர்களையும், சமயம் பாராமல், சேர்த்துக்கொண்டு முறைவைத்துக் காவல் போவதென்று முடிவாயிற்று. நிலமில்லாதவர்களும் முறை எடுத்தார்கள். மானுக்காகப் பேசியவன் வீட்டில் உறங்குவது முறையன்று என்பதால் நானும் ஒரு வெள்ளி இரவு போனேன்.

இரண்டாம் சாமத்தில் மக்காச்சோளத் தட்டைகள் அசைந்தன. விளக்கொளியில் இரண்டு கண்கள் மின்னின. ஒரு பெண்மான், பின்னால் ஒரு குட்டி. கையில் ஈட்டி இருந்திருந்தால் எட்டும் தொலைவு. என் நன்னா மூன்று ஓடை தாண்டி நடந்ததை எண்ணிக்கொண்டேன். என் பக்கத்தில் நின்ற மாணவர் கையிலிருந்த தகரத்தை ஓங்கித் தட்டினார். இரண்டும் பாய்ந்து ஓடைப் பக்கம் மறைந்தன. போன பிறகு விளக்கைப் பிடித்து, மேய்ந்த தட்டைகளை எண்ணினோம். பதினேழு.

அந்தப் பதினேழுக்கும் நாம் அனைவரும் கடன்பட்டவர்கள். அதைத் தீர்க்கும் மனத்தையும் வழியையும் வல்ல இறைவன் நமக்கு அருள்வானாக.